வில்லங்கச் சான்றில் வராத கடன்

சென்னையில் ஆறு வீடு கொண்ட பழைய கட்டடம் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரைத் தளத்தில் இரண்டு வீடு, முதல் மாடியில் இரண்டு, இரண்டாம் மாடியில் இரண்டு. கட்டி 27 வருடம். ஆறிலும் குடித்தனம் இருக்கிறது, மாதம் 90,000 ரூபாய் வாடகை வருகிறது. சொல்லும் விலை 3 கோடி. ஓய்வுபெற்றவர்கள், வளைகுடாவில் சம்பாதித்ததை ஊரில் போட நினைப்பவர்கள், அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குபவர்கள் என்று இந்த மாதிரிக் கட்டடத்துக்கு ஆள் எப்போதும் உண்டு.

வாங்குபவர் தாய்ப் பத்திரம் பார்ப்பார். பட்டா பார்ப்பார். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டு, வக்கீலிடம் கருத்து வாங்குவார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 27 லட்சம் என்று தனியாக எடுத்து வைப்பார். மராமத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அப்பப்போ பாத்துக்கலாம் சார்" என்பார்.

அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கடன் இருக்கிறது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் அது பதிவாகவில்லை. மொட்டை மாடியின் நீர்த்தடுப்பும் குடிநீர்க் குழாயும் சுவருக்குள் ஓடும் மின்கம்பியும் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வரும். அந்தக் காலத்தில் பெரும்பகுதியை விற்பவர் அனுபவித்து முடித்துவிட்டார். மிச்சத்தை மட்டும்தான் நீங்கள் வாங்குகிறீர்கள், ஆனால் முழுசுக்கும் விலை கொடுக்கிறீர்கள். இந்தக் கடன் எவ்வளவு என்பதைக் கட்டடத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கொஞ்சம் வேதியியலும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் போதும்.

முதலில் கான்கிரீட். பெரிய செலவு வைப்பதும், கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைப்பதும் அதுதான். புதுக் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரம் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12.5 முதல் 13 வரை. அந்தக் காரத்தில் இரும்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகிறது. அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. கான்கிரீட்டுக்குள் தண்ணீரே இறங்கினாலும் கம்பி சமாளித்துக்கொள்ளும்.

காற்றில் இருக்கும் கரியமிலவாயு இந்தப் பாதுகாப்பை மெல்லக் கரைக்கிறது. வெளிப்புறத்திலிருந்து நுண்துளைகள் வழியே உள்ளே நுழைந்து, அங்கிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து அதைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. வெள்ளையடித்த சுண்ணாம்பு சுவரில் இறுகுவதும் இதே வினையால்தான். சுவரில் நடந்தால் நல்லது. கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டில் நடந்தால் காரம் இறங்கி, பி.எச். 9-க்கும் கீழே போகிறது. படலம் அழிகிறது. அப்புறம் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துருதான். துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுந்து, கம்பி வரிவரியாகத் தெரிகிறதே, அதன் கதை இதுதான்.

இந்த கார்பனேற்றம் உள்ளே போகும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுகிறது. ஒரு கான்கிரீட்டில் முதல் வருடம் 4 மில்லிமீட்டர் போனால், நான்கு வருடத்தில் 8 மில்லிமீட்டர், இருபத்தைந்து வருடத்தில் 20 மில்லிமீட்டர். உள்ளே போகப் போக வேகம் குறையும். இதைத் திருப்பிப் பார்த்தால் வாங்குபவருக்கு வேண்டிய செய்தி கிடைக்கிறது: கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் உறை பாதியானால், கம்பியின் பாதுகாப்புக் காலம் கால்வாசியாகிவிடும். 20 மில்லிமீட்டர் உறைக்கு 25 வருடம் என்றால் 10 மில்லிமீட்டருக்கு வெறும் ஆறேகால் வருடம். சென்ட்ரிங் போடும்போது கம்பிக்கு அடியில் வைக்கும் சின்னக் கவர் பிளாக்கை வைக்காமல் விட்ட மேஸ்திரி மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய் இருக்கலாம். அதற்கு இன்று சாரம் கட்டிப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நம் உதாரணக் கட்டடம் 1990-களின் கடைசியில் எழுந்தது. அப்போது நடப்பில் இருந்தது 1978-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் விதித்தொகுப்பு. தளத்துக்கு 15 மில்லிமீட்டர், உத்தரத்துக்கு 25, தூணுக்கு 40 மில்லிமீட்டர் உறை போதும் என்றது அது. எம்-15 என்ற குறைந்த தரக் கான்கிரீட்டையும் கம்பியோடு சேர்த்துப் போட அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் எம்-20 ஆயிற்று. கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் உறை வேண்டும் என்று வந்தது. ஆக, அடையாறிலோ திருவான்மியூரிலோ அந்தக் காலத்தில் கட்டிய கட்டடம், சட்டப்படி சரியாகவே கட்டியிருந்தாலும் இன்றைய அளவுகோலுக்குப் பல படி கீழே நிற்கிறது. 2002-இல் நிலநடுக்கத்துக்கான விதித்தொகுப்பு ஐ.எஸ். 1893 திருத்தப்பட்டபோது சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். அதை மராமத்து வேலையால் முழுக்க ஈடுகட்டுவது கடினம்.

இனி, கார்பனேற்றம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கும் சோதனை. பள்ளி வேதியியல் கூடத்தில் பார்த்த அதே பினாப்தலீன் கரைசல்தான் இதற்கும். படிக்கட்டுக்கு அடியிலோ, சன்ஷேடின் அடிப்பக்கத்திலோ, கார் நிறுத்துமிடத்துக்கு மேலுள்ள உத்தரத்திலோ ஓர் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்து, உள்ளே இருக்கும் கான்கிரீட்டிலும் சின்னதாக ஒரு பிளவு எடுக்கிறார்கள். தூசியை ஊதித் தள்ளிவிட்டுக் கரைசலைத் தெளித்தால் சில நொடியில் உட்பகுதி பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். வெளி விளிம்பு சாம்பல் நிறத்திலேயே நிற்கும். சிவப்பு இருக்கும் இடத்தில் காரம் இருக்கிறது. நிறம் மாறாத பட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் போதும். கம்பி சிவப்புக்குள் இருந்தால் நிம்மதி. சாம்பல் பட்டைக்குள் இருந்தால் அது பாதுகாப்பை இழந்துவிட்டது.

அந்த ஒரு அளவை வைத்துக்கொண்டு எதிர்காலத்தையும் கணிக்கலாம். 27 வருடக் கட்டடத்தில் பட்டை 13 மில்லிமீட்டர் என்று வைப்போம். 27-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.2, 13-ஐ அதனால் வகுத்தால் 2.5. இதுதான் இந்தக் கட்டடத்தின் வேக எண். 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் தளக் கம்பியை அது எட்ட 6-இன் வர்க்கம், 36 வருடம் ஆகும். இன்னும் ஒன்பது வருடம் கையில் இருக்கிறது. பட்டை 21 மில்லிமீட்டர் என்றால் வேக எண் 4. தளக் கம்பி பாதுகாப்பை இழந்து பதின்மூன்று வருடம் ஆகிறது. முதல் கட்டடத்தை நீர்த்தடுப்பும் நல்ல பெயின்டும் அடித்துப் பல வருடம் ஓட்டலாம். இரண்டாவதில் பெரிய மராமத்து வாசலில் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விற்பதற்கு முன்னால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

கார்பனேற்றம் எட்டிய இடமெல்லாம் உடனே துருப்பிடிக்காது. கரியமிலவாயு வேகமாகப் புகுவது ஓரளவு உலர்ந்த கான்கிரீட்டில். துருப்பிடிக்க வேண்டியதோ ஈரம். இரண்டும் மாறி மாறிக் கிடைக்கும் இடங்கள்தான் முதலில் கெடும். அதனால் வீடு பார்க்கப் போகிறவர் ஹாலின் டைல்ஸை ரசித்துக்கொண்டு நிற்காமல், சன்ஷேடின் அடிப்பக்கம், குளியலறைக் கூரை, மேல்நிலைத் தொட்டியின் அடித்தளம், பால்கனி நுனி, கழிவுக் குழாய் இறங்கும் மூலை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று வெற்றொலி கொடுக்கும். விரிசல் கோணல்மாணலாகப் பூச்சில் மட்டும் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. உத்தரத்தின் நீளத்துக்குக் கம்பி போகும் கோட்டிலேயே நேராக ஓடினால், அது துரு தள்ளிய விரிசல்.

உப்பு இதைவிடப் பொல்லாதது. கடற்காற்றில் வரும் குளோரைடும், கட்டும்போது கலவைக்கும் தண்ணீர் விடுவதற்கும் பயன்பட்ட உப்புத் தண்ணீரில் வந்த குளோரைடும், காரம் குறையாதபோதே கம்பியின் படலத்தைத் துளைத்துவிடும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது விதி. போர்வெல் உப்புக்கரித்த பகுதிகளில் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு எத்தனை பேர் தண்ணீரைச் சோதித்துக் கட்டினார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பினாப்தலீன் இதைக் காட்டிக்கொடுக்காது. உப்புத் தின்ற கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் இளஞ்சிவப்பாகவே இருக்கும், கம்பி மட்டும் குழி குழியாக மெலிந்துகொண்டிருக்கும். கடலிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் வாங்குகிறவர் கான்கிரீட் தூள் எடுத்து ஆய்வகத்தில் குளோரைடு அளவு பார்க்கச் சொல்ல வேண்டும். அரைமின்கல அழுத்தம் என்று இன்னொரு சோதனை இருக்கிறது. கம்பிக்கும் கான்கிரீட்டின் மேல் வைக்கும் தாமிர மின்முனைக்கும் இடையிலுள்ள மின்னழுத்தத்தை அளப்பார்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் அந்த இடத்தில் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு.

மராமத்துச் செலவு எதிர்பார்த்ததைவிட ஏன் எப்போதும் கூடுகிறது என்பதற்கும் மின்வேதியியலில் காரணம் இருக்கிறது. காரை பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவை பூசினால், அந்த இடத்துக் கம்பி மறுபடி காரப் பாதுகாப்புக்குள் போகிறது. பக்கத்தில் பழைய கான்கிரீட்டில் இருக்கும் அதே கம்பியோ பாதுகாப்பில்லாமல் நிற்கிறது. ஒரே கம்பியின் இரண்டு பகுதிகள் மின்கலம் போல நடந்துகொண்டு, ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றியுள்ள பகுதி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கிறது. உப்பு இருந்தால் இன்னும் மோசம். "போன தடவை பண்ணினதுக்குப் பக்கத்துலயே மறுபடி விழுது" என்று வீட்டுக்காரர்கள் கொத்தனாரைத் திட்டுவார்கள். அவர் கலவையில் குறை இருந்திருக்கலாம். குறை இல்லாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே கான்கிரீட் வேலைக்குப் பொறியாளர் தரும் மதிப்பீட்டின் மேல் மூன்றில் ஒரு பங்காவது கூட வைத்துக்கொள்ளுங்கள். கொத்தத் தொடங்கிய பிறகு பரப்பு குறைந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மொட்டை மாடிக்கு வருவோம். கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு விரிகிறது. பத்து மீட்டர் நீளத் தளம், இரவுக்கும் மே மாதப் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி மாறினால் 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினம் தினம் இந்த ஆட்டம். கீழே இருக்கும் சுவர் அந்த அளவுக்குச் சூடாவதில்லை, அசைவதுமில்லை. அதனால்தான் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் கோடு போட்டது போல விரிசல் விடுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த பழைய முறை, சூட்டைத் தாங்கித் தளத்தின் ஆட்டத்தைக் குறைத்தது. தட்டோட்டின் இடுக்குகள் திறந்துகொண்டால் தண்ணீர் அடியில் தங்கி எங்கோ ஒரு மூலையில் ஒழுகும். ஒழுகும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒவ்வொரு அடுக்கும் தளத்தின் மேல் நிரந்தரமாக ஏறி உட்காரும் பாரம்.

சின்னக் கட்டடத்துக்கு இங்கே ஒரு பாதகம். மொட்டை மாடியின் பரப்பு, கீழே மூன்று தளம் இருந்தாலும் பத்துத் தளம் இருந்தாலும் ஒன்றுதான். பத்து மாடிக் கட்டடத்தில் அதன் செலவை இருபது வீடு சுமக்கும், உங்களுடையதில் ஆறு வீடு. சம்ப், மோட்டார், காம்பவுண்டு, சாக்கடை இணைப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இருநூறு வீட்டு வளாகத்தில் வருடா வருடம் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டே இருக்கும், செலவு ஏறத்தாழ சமமாகப் பரவும். ஆறு வீட்டில் நான்கு வருடம் ஒன்றும் நடக்காது, ஐந்தாவது வருடம் எல்லாம் சேர்ந்து வரும். எல்லாம் ஒரே வருடத்தில் கட்டியவை என்பதால் கூட்டாகவே மூப்படைகின்றன.

குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தக் காலத்து ஜி.ஐ. குழாயின் துத்தநாகப் பூச்சு, இரும்பைக் காப்பாற்றத் தன்னைக் கரைத்துக்கொள்ளும். பூச்சு தீர்ந்த பிறகு உள்ளே துருவும் உப்பும் படிந்து குழாயின் துளை சுருங்கும். மேல் மாடியில் ஷவரில் தண்ணீர் ஊசியாக விழுந்தால், காலையில் முதலில் வரும் தண்ணீர் மஞ்சளாக இருந்தால், அதுவே சாட்சி. குளியலறையின் தாழ்த்திக் கட்டிய தளத்துக்குள் கசியும் மூட்டு ஒன்று, கீழ் வீட்டுக் கூரையின் கம்பியை வருடக்கணக்கில் நனைத்துக்கொண்டிருக்கும். பிளம்பிங் வேலை தள்ளிப்போனால் அது கான்கிரீட் வேலையாக வளர்ந்துவிடும்.

மின்சாரத்தில் இருமடி விதி இருக்கிறது. கம்பியில் உண்டாகும் சூடு, ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. நாலு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ், ஒரு மிக்ஸி என்று கணக்குப் போட்டு இழுத்த கம்பியில் இன்று வீட்டுக்கு இரண்டு ஏசி, கீசர், வாஷிங் மெஷின் ஓடுகின்றன. பி.வி.சி. உறை 70 டிகிரிக்குச் செய்யப்பட்டது. பத்து டிகிரி கூடினால் உறையின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுவான கணக்கு. உறை நொறுங்குவது வெளியே தெரியாது. மீட்டர் பெட்டியைத் திறந்து கருகல் வாசனையும் நிறம் மாறிய முனைகளும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லலாம். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சாவி கைக்கு வந்த முதல் வாரச் செலவு அது.

சரி, பணத்துக்கு வருவோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் ஊர் விலையை வாங்கி இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வழிமுறை மாறாது. மொட்டை மாடி நீர்த்தடுப்பு 4 லட்சம், ஆயுள் 12 வருடம், 9 வருடம் போய்விட்டது. வெளிப்பூச்சும் பெயின்டும் 4.2 லட்சம், ஆயுள் 6, போனது 5. குழாய்கள் 6 லட்சம், ஆயுள் 30, போனது 27. மின்கம்பி மாற்ற 7.5 லட்சம், அதற்கும் 30-இல் 27 போய்விட்டது. மோட்டாரும் போர்வெல் குழாயும் 1.5 லட்சம், பத்தில் ஐந்து போனது.

ஒவ்வொன்றிலும் செலவை ஆயுளால் வகுத்து, போன வருடத்தால் பெருக்குங்கள். மாடிக்கு 3 லட்சம், பெயின்டுக்கு 3.5, குழாய்க்கு 5.4, மின்கம்பிக்கு 6.75, மோட்டாருக்கு முக்கால். கூட்டினால் 19.4 லட்சம். விற்பவர் அனுபவித்து முடித்து, உங்கள் தலையில் வைக்கும் தொகை இது. கான்கிரீட் வேலை இதில் சேரவில்லை. அதைப் பொறியாளரின் அளவுப்படி தனியாகக் கூட்ட வேண்டும். விலை பேசும்போது "சுவரெல்லாம் ஓதமா இருக்கே, கொஞ்சம் குறைங்க" என்றால் தரகர் சிரித்துவிட்டு ஒரு லட்சம் குறைப்பார். இந்தப் பட்டியலைக் காகிதத்தில் வைத்துப் பேசினால் பேச்சு வேறு மாதிரி போகும்.

இனி மாதாமாதம் எவ்வளவு ஒதுக்குவது? ஒவ்வொரு செலவையும் அதன் ஆயுளால் வகுத்துக் கூட்டினால் வருடத்துக்கு ஏறக்குறைய 1.63 லட்சம் வருகிறது. வருட வாடகை 10.8 லட்சத்தில் இது 15 சதவீதம். மாதம் 13,600 ரூபாய். ஆயுள் முழுக்கவும் இப்படி ஒதுக்கினால் சரியாகப் போகும். சிக்கல் ஆரம்பத்தில். மாடி, பெயின்ட், குழாய், மின்கம்பி நான்குமே அடுத்த மூன்று வருடத்துக்குள் வருகின்றன. மொத்தம் 21.7 லட்சம், அதாவது இரண்டு வருட முழு வாடகை. மாதம் 13,600 வீதம் மூன்று வருடம் சேர்த்தால் கையில் இருப்பது 4.9 லட்சம். துண்டு விழும் 16.8 லட்சத்தை வாங்கும் அன்றே வைத்திருக்க வேண்டும். விலையில் குறைத்து வாங்கியோ, வங்கிக் கடனில் மிச்சம் வைத்தோ, எப்படியாவது. சராசரியை மட்டும் நம்பி இறங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொண்டு, நகையை வைக்கப் போகிறார்கள்.

விலைவாசியும் சும்மா இருக்காது. வருடம் 6 சதவீதம் ஏறினால் கட்டுமானச் செலவு பன்னிரண்டு வருடத்தில் இரட்டிப்பாகும். இன்று 4 லட்சமாகும் மாடி வேலை அடுத்த முறை 8 லட்சம் கேட்கும். ஒதுக்கும் தொகையை வாடகை ஏற்றும்போதெல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். குடியிருப்பவர்கள் கொடுத்திருக்கும் அட்வான்ஸை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அவர்கள் பணம், காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது. யாராவது லீஸுக்கு இருந்தால் அந்தத் தொகையை யார் திருப்புவது என்பதைப் பத்திரத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள்.

வருமான வரிச் சட்டம் வீட்டு வாடகையில், உள்ளாட்சி வரி போக மீதத்தில், 30 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குத்தான் வரி கேட்கிறது. நீங்கள் ஒரு ரூபாய் செலவு செய்யாவிட்டாலும் இந்தக் கழிவு உண்டு. 60 சதவீதம் செலவு செய்திருந்தாலும் அதே 30 தான். மராமத்து, வாடகை வசூல் போன்ற செலவுக்கு அரசே போட்டுக்கொடுத்த உத்தேசம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். நிறையப் பேர் கழிவை வாங்கிக்கொள்கிறார்கள், ஒதுக்குவதில்லை.

ஒதுக்காமல் தள்ளிப்போட்டால் தொகை எப்படி வீங்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பதிவு இருக்கிறது. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு நகரில் கடற்கரையோரம் 1981-இல் கட்டிய சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத், 12 மாடி, 136 வீடு. 2018-இல் பொறியாளர் அறிக்கை நீச்சல் குளத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டதையும் கான்கிரீட் சேதத்தையும் சொன்னது. அப்போது 90 லட்சம் டாலருக்கு மேல் என்று மதிப்பிடப்பட்ட செலவு, மூன்றே வருடத்தில் ஒன்றரைக் கோடி டாலராயிற்று. சங்கத்தின் கையிருப்பு அதற்குக் கிட்டவும் இல்லை. வீட்டுக்காரர்களிடம் அந்தப் பணம் முழுதாக வசூலாகும் முன்பே, 2021 ஜூன் 24 அதிகாலை கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். பணம் ஒதுக்காததுதான் காரணம் என்று சொல்வது சரியாகாது. நீச்சல் குளத் தளத்தின் வடிவமைப்பிலேயே பலக்குறைவு இருந்ததை விசாரணை காட்டியிருக்கிறது. ஆனால் அடுத்த வருடமே ஃபுளோரிடா, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கூட்டுக் குடியிருப்புகள் பத்து வருடத்துக்கு ஒருமுறை பெரும் மராமத்துக்கான ஒதுக்கீட்டை ஆய்வு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டது. நம் ஊரில் அதே 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு இடிந்தது. விரிசலைப் பார்த்து எல்லோரையும் வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை.

இவ்வளவும் செய்ய வேண்டுமா என்பது, கட்டடத்தை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சென்னையில் இந்தக் கட்டடங்களின் விலையில் பெரும்பங்கு மனையின் விலை. 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் தளப்பரப்புக் குறியீட்டை 1.5-இலிருந்து 2 ஆக உயர்த்தியதால், இடித்துக் கட்டினால் கூடுதல் பரப்பு கிடைக்கும். ஐந்து வருடத்தில் இடிக்கப் போகிறவர் 7.5 லட்சத்துக்கு மின்கம்பி முழுக்க மாற்றுவது வீண். அவர் உயிருக்கு ஆபத்தானதை மட்டும் சரிசெய்தால் போதும்: பெயர்ந்த சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், ஆர்.சி.சி.பி., எர்த். இருபது வருடம் வாடகை வாங்கப் போகிறவர் அப்படிச் செய்தால், தானே தனக்குக் கடன் ஏற்றிக்கொள்கிறார். இரண்டும் இல்லாமல் "பார்ப்போம்" என்று நடுவில் நிற்பதுதான் அதிகச் செலவு. பூச்சு வேலைக்குப் பணம் போய்க்கொண்டே இருக்கும், கட்டடத்தின் ஆயுள் கூடாது.

வாங்குவது என்று முடிவானால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போங்கள். விற்பவருக்கோ தரகருக்கோ தெரிந்தவராக இருக்கக் கூடாது. மொட்டை மாடியும் குழாயும் கடைசியாக எப்போது செய்யப்பட்டன என்பதற்கு விற்பவரிடம் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் முழு ஆயுளும் போய்விட்டதாகவே கணக்கில் எழுதுங்கள். முடிந்தால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், குடியிருப்பவர்கள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். எந்தக் கூரை எப்போது ஒழுகும் என்று அவர்கள் சொல்லுமளவுக்கு விற்பவர் சொல்ல மாட்டார். பத்திரம் பதிவாகும் தேதியைப் பருவத்தோடு பொருத்திக்கொள்வதும் நல்லது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். பழைய தட்டோட்டைப் பெயர்த்து நீர்த்தடுப்பு போட்டுக் காயவிட ஒரு மாதமாவது வேண்டும். ஆகஸ்டுக்குப் பிறகு பதிவு செய்தால் முதல் வருட மாடி வேலையை ஜனவரிக்குத் தள்ளி, அதுவரை ஒழுகலுக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியே வையுங்கள்.